குளிர்காலத்துக்கு ஓர் இடம்

ராயபுரம்
19 மே 2024

ஆண்டவரின் காவலில் இருக்கும் மகள் டெபோராவுக்கு நைனா பாஸ்கல் எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் தம்பி பிராங்கிளினும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை பென்னியும் சுகமாக இருக்கப் புனித இராயப்பரை வேண்டிக்கொள்கிறோம். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அம்மாவிடம் பேசினாயாம். எனக்குக் கொடுத்து என்ன பயன்? துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டியே போன காது. போனை வைத்தால் இரைச்சல்தான் வருகிறது. முன்பெல்லாம் வீடியோவில் உன் முகத்தையாவது பார்ப்பேன். இப்போது சிக்னல் இல்லை என்று அதையும் விட்டுவிட்டாயாம். ஆகையால் எனக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்தாதே.

நீங்கள் வாங்கிய வீட்டு வண்டியில் இந்தக் கோடையில் ஊர் சுற்றப்போவதாக எழுதியிருந்தாய். படிக்கச் சந்தோஷமாக இருந்தது. கேரவன் என்றால் இங்கே சினிமாக்காரர்கள் உட்கார்ந்து மேக்கப் போடும் வண்டி. அங்கே சாதாரண ஜனங்களும் வைத்திருக்கிறார்கள் என்றேன், கீழ்க்கடை மஜீது பாய் நம்பவில்லை. ராத்திரியில் எங்கே நிறுத்துவீர்கள்? கண்ட இடத்தில் நிறுத்த விடுவார்களா? விவரமாக எழுது.

முக்கியமான விஷயம். எங்கள் இரண்டு பேரையும் இந்தக் கிறிஸ்துமஸுக்கு உன்னிடம் அனுப்பிவைக்கிறேன் என்று பிராங்கிளின் நிற்கிறான். பாரிமுனையில் ஒரு ஏஜென்டைப் பார்த்துவிட்டான். நீ எங்களை அழைத்து ஒரு கடிதம் கொடுக்க வேண்டுமாம். எந்த வீட்டில் தங்குவோம் என்ற முகவரியும் அந்த வீட்டின் வாடகைப் பத்திர நகலும் வேண்டுமாம். சீக்கிரம் அனுப்பு. நெத்திலிக் கருவாடு கொண்டுவர விடுவார்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் நைனா,
பாஸ்கல்


லங்காஷையர், இங்கிலாந்து
23 ஜூன் 2024

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நலம். உங்கள் உடம்பும் அம்மா உடம்பும் எப்படி? இரவில் கால் மரத்துப்போகிறது என்று முன்பு எழுதியிருந்தீர்களே, டாக்டரிடம் காட்டினீர்களா?

நீங்கள் கேட்டதற்குச் சொல்கிறேன். இங்கே இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே மைதானங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வண்டிக்கும் நம்பர் போட்ட ஓர் இடம். அதை பிட்ச் என்கிறார்கள். முன்கூட்டியே புக் பண்ணணும். சில இடம் புல்தரை, சில இடம் சரளைக்கல் போட்டது. புல்தரை பார்க்க அழகு, மழை பெய்தால் சக்கரம் இறங்கிவிடும். கரண்ட் கொடுக்கும் கம்பம் பக்கத்தில் இருக்கிறதா, தரை சரிவா சமமா, எல்லாம் கேட்டுத்தான் எடுக்கணும். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் இடமே கிடைக்காது. இப்போது கடலோரமாக ஒன்று எடுத்திருக்கிறேன். ஓதம் இறங்கும்போது தண்ணீர் கண்ணுக்கே தெரியாத தூரத்துக்குப் போய்விடுகிறது. நம்ம கடல் மாதிரி சத்தம் போடாது.

இனிமேல் கடிதத்தை நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்து முகவரிக்கே போடுங்கள், உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வரும் தபால் சரியாகக் கிடைப்பதில்லை.

கிறிஸ்துமஸ் பற்றி. இங்கே டிசம்பர் குளிர் அம்மாவின் முட்டிக்குத் தாங்காது நைனா. அடுத்த வருஷம் பார்க்கலாமா? ஏஜென்டுக்கு இப்போது எதுவும் கொடுக்க வேண்டாம் என்று பிராங்கிளினிடம் சொல்லுங்கள். கருவாடு விடமாட்டார்கள்.

உங்கள் மகள்,
டெபோரா


ராயபுரம்
21 ஜூலை 2024

அன்பு மகள் டெபோராவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். கால் மரத்துப்போவதற்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உங்கள் இருவர் சுகமும் அறிய ஆவல்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக்காட்டினேன். பிட்ச் என்றதும் பிராங்கிளின் கிரிக்கெட் என்று நினைத்துக்கொண்டான். காசிமேட்டில் படகு கட்டுவதற்கும் அவரவருக்கு இடம் உண்டு, மாற்றிக் கட்டினால் சண்டைதான் என்றாள் அம்மா. உங்கள் நம்பரில் வேறொருவர் வந்து நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?

குளிரைப் பற்றி எழுதியிருந்தாய். அம்மா கேட்டுவிட்டு, "முட்டி என்னுது, நா பாத்துக்கறேன். புள்ளையப் பாத்து ஆறு வருஷம் ஆவுது" என்றாள். அதற்குமேல் நான் என்ன சொல்ல? அழைப்புக் கடிதத்தை மட்டும் அனுப்பிவிடு. மற்றதை இங்கே பார்த்துக்கொள்கிறோம்.

ஒரு சின்ன விஷயம். போன வாரம் பூசை முடிந்து வெளியே வரும்போது சம்பந்தியம்மா ஞானத்தைப் பார்த்தோம். அம்மா கூப்பிட்டாள். அவர் காதில் விழாத மாதிரி மறுபக்கம் இறங்கிப் போய்விட்டார். நாங்கள் ஏதாவது தவறு செய்தோமா? பென்னியிடம் நயமாகக் கேட்டுப்பார். அவர் இரண்டு வரி எழுதினாலும் நல்லது, அவர் கையெழுத்தைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

ஆசிகளுடன்,
நைனா


லங்காஷையர்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நைனாவுக்கு,

எல்லாரும் நலம்தானே? நான் நலம். பென்னியும் நலம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். அந்தக் கடலோர மைதானத்தில் மூன்று வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருக்க விடமாட்டார்கள். அதனால் இடம் மாறினேன். புது இடம் ஒரு பண்ணை, இங்கே அந்த வாரக்கணக்கு இல்லை. முதலில் வேலி ஓரமாகக் கடைசியில் கொடுத்தார்கள். யாரும் எட்டிப்பார்க்காத மூலை என்று சந்தோஷமாக எடுத்தேன். ஆனால் தண்ணீர்க்குழாய் ரொம்ப தூரம், விளக்கும் இல்லை. பிறகு குழாய்க்குப் பக்கத்தில் ஒன்று காலியானது. ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதற்குள் வேர்த்துவிட்டது, நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். இங்கே தரை சமம். துணி துவைக்கும் மெஷினும் இருக்கிறது. குளிக்குமிடத்தில் காலை ஆறு மணிக்கு முன் போனால் வெந்நீர் நிச்சயம். நவம்பர் கடைசியில் இந்த இடத்தை மூடிவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் அநேகமாக எல்லாமே குளிர்காலத்தில் மூடிவிடும்.

அழைப்புக் கடிதம் எழுத வேண்டும். எழுதுகிறேன். அத்தை என்ன நினைத்துக்கொண்டு போனாரோ தெரியாது, பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டெபோரா


ராயபுரம்
22 செப்டம்பர் 2024

அன்பு மகள் டெபோராவுக்கு நைனா எழுதுவது.

நாங்கள் சுகம். இந்தக் கடிதத்தை அம்மாவுக்குத் தெரியாமல் மஜீது பாய் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தில், ரிவர்ஸ் எடுக்க வேர்த்தது என்று எழுதியிருந்தாய். பென்னிதானே எப்போதும் ஓட்டுவார்? நீ ரிவர்ஸ் எடுத்தபோது அவர் எங்கே இருந்தார்?

உனக்கு நினைவிருக்கும். நீ பள்ளிக்கூடம் போகும் காலத்தில் துறைமுக கேட்டுக்கு வெளியே டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். எண்ணூர் ரோட்டில் எர்ணாவூர் வரைக்கும் நிற்கும். சில சமயம் நாள்கணக்கில் கேபினிலேயே கிடப்போம். அம்மா பஸ் பிடித்து, வரிசையில் என் வண்டியைத் தேடிக் கண்டுபிடித்து, தூக்கில் சோறு கொண்டுவருவாள். அங்கே கடல் பக்கத்திலேயே இருந்தது. அதை ஒரு நாளும் நான் திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. குழாய் எங்கே, வெளிச்சம் எங்கே, காலையில் ஒதுங்க எங்கே, இதுதான் கண்ணில் படும். முந்தைய கடிதத்தில் நீ கடலைப் பற்றி எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தில் குழாயைப் பற்றித்தான் இருக்கிறது.

நீ அந்த வண்டியில்தான் குடியிருக்கிறாயா? ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். காரணம் கேட்கமாட்டேன்.

நைனா


ராயபுரம்
27 அக்டோபர் 2024

மகள் டெபோராவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று அம்மா சொல்கிறாள். ஞாயிறு தவறாமல் போன் செய்கிறாயாம். எனக்குத்தான் பதில் இல்லை.

நான் கேட்டது தப்பானால் அதை மறந்துவிடு. விசா வேலையை இப்போதைக்கு நிறுத்தி வைக்கும்படி பிராங்கிளினிடம் சொல்லிவிட்டேன். எனக்குக் கால் சரியில்லை, இந்த வருஷம் வேண்டாம் என்று சொன்னேன். அம்மா உன் பழைய சூட்கேஸை மறுபடியும் பரண்மேல் ஏற்றச் சொன்னாள்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. முகத்துவாரக்குப்பத்தில் தண்ணீர் ஏறுகிறது என்கிறார்கள். நம் தெருவில் இன்னும் இல்லை.

எழுது.

நைனா


லங்காஷையர்
10 நவம்பர் 2024

என் அன்பான நைனாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதத்தைப் படித்துவிட்டு எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்தேன். நலம் என்று எழுதியதுமே கை நின்றுவிடும்.

ஆமாம் நைனா. வண்டியில்தான் இருக்கிறேன்.

பென்னி என்னுடன் இல்லை. போன கிறிஸ்துமஸ் முடிந்ததும் போய்விட்டார். லண்டன் பக்கம் வேறொரு பெண்ணுடன் இருக்கிறார். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்தேன், அவர் துணிகள் இல்லை. மேசைமேல் வண்டிச்சாவி இருந்தது. வண்டி என் பெயரில் வாங்கியது. வீட்டு வாடகையை என் ஒரு சம்பளத்தில் தாங்க முடியவில்லை. பிப்ரவரியில் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டிக்குள் வந்தேன். ஒரு மாசம்தான், வேறு வீடு பார்க்கலாம் என்று நினைத்தேன்.

முதல் தடவை ஒரு மைதானத்துக்குப் போன் செய்தபோது, எத்தனை பேர் என்று அந்தப் பெண் கேட்டாள். இரண்டு என்று சொல்லிவிட்டேன். வாய் பழகிவிட்டது. வந்த பிறகும் திருத்தவில்லை. இன்னொருவர் எங்கே என்று கேட்கும்போதெல்லாம் வேலைக்குப் போயிருக்கிறார் என்பேன். மூலையில் இடம் எடுத்ததும் அதற்காகத்தான். நான் யூனிஃபார்மில் இறங்கிப் போவதை யாரும் பார்க்கக்கூடாது. இது விடுமுறைக்கு வருகிறவர்களின் இடம், குடியிருக்க அனுமதியில்லை. தெரிந்தால் போகச் சொல்லிவிடுவார்கள். ஓர் இடத்தில் சொல்லியும் விட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அன்றைக்கு இல்லத்தின் பின்னால் மரத்தடியில் நிறுத்திவிட்டு, இரவெல்லாம் ஒரு கிழவியின் அறையில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு உடம்பு சரியில்லை என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

இப்போது இருக்கும் பண்ணை நவம்பர் முப்பதாம் தேதி மூடுகிறது. வருஷம் முழுவதும் திறந்திருக்கும் இடம் ஒன்றே ஒன்று பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் அதில் புக் பண்ணினேன். வீட்டு முகவரி கேட்டிருந்தார்கள். எல்லா இடத்திலும் கேட்பார்கள். பழைய முகவரியையே இத்தனை நாள் கொடுத்துவந்தேன். அன்றைக்கு என்னவோ, ராயபுரம் வீட்டு முகவரியை எழுதிவிட்டேன். மறுநாள் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "இது இந்தியா. இங்கே உங்கள் வீடு எங்கே?" என்று கேட்டாள். போனை வைத்துவிட்டேன். மறுபடி அங்கே கேட்க முகமில்லை.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அம்மாவை நினைத்துத்தான். கோயில்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாளே. அவள் அங்கே எப்படிப் போய் உட்காருவாள்? அம்மாவுக்குச் சொல்லாதீர்கள்.

நான் பட்டினி கிடக்கவில்லை. வேலை இருக்கிறது. குளிருக்குச் சின்ன ஹீட்டர் இருக்கிறது. கவலைப்படாதீர்கள் என்று எழுத ஆசைதான்.

டெபோரா


ராயபுரம்
26 நவம்பர் 2024

மகளே,

உன் கடிதம் நேற்று வந்தது. முப்பதாம் தேதி என்று படித்ததும், தபாலில் பதில் போட்டால் உனக்குக் கிடைப்பதற்குள் மூடிவிடுவார்கள் என்று புரிந்தது. மஜீது பாயை உனக்கு நம்பர் போடச் சொன்னேன். "பாய், அது எடுத்ததும் எனக்குச் சைகை காட்டு" என்றேன். அவர் தலையை ஆட்டியதும் பேச ஆரம்பித்தேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். காது கேட்காதவன் சத்தமாகத்தான் பேசுவான், எல்லாரும் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும்.

நீ என்ன பதில் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. பாயிடம் கேட்டேன். "பொண்ணு அழுதுகினே சரி சரின்னுச்சு நைனா, வேற ஒண்ணும் சொல்லல" என்றார். அதனால் நான் சொன்னதையே இதிலும் எழுதுகிறேன்.

உன் இல்லத்தில் உனக்கு மேலே இருக்கும் அம்மாவிடம் போ. வண்டியில்தான் இருக்கிறேன், குளிர்காலத்துக்கு இடம் இல்லை என்று நேராகச் சொல். அத்தனை வருஷம் அந்தக் கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டித் தூக்கி உட்காரவைத்தவள் நீ. கேட்பதற்கு உனக்கு முகம் உண்டு. அவர்கள் இல்லை என்றால் மஜீது பாய் நம்பருக்கு ஒரு வரி அனுப்பு. பிராங்கிளின் டிக்கெட் எடுப்பான், வீட்டுக்கு வந்துவிடு. உன் அறையில் இப்போது பிராங்கிளினின் பைக் சாமான்கள் கிடக்கின்றன. ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடலாம்.

பென்னியைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. உன் கடிதத்தில் மழை, குளிர், வேலை என்று இருந்ததை மட்டும் படித்துக்காட்டினேன்.

நைனா


ராயபுரம்
5 ஜனவரி 2025

கண்ணு டெபோரா,

அம்மா சொல்லச் சொல்ல ஜன்னத் எழுதுறா. நம்ம மஜீது பாய் வூட்டுக்காரிதான். உன் நைனா ஆஸ்பத்திரிக்கு மாத்திர வாங்கப் போயிகீறாரு. நல்லா கீறியா? வேளைக்குச் சாப்புட்றியா? எனக்கு ஒடம்பு நல்லா கீது.

உன் நைனா எல்லா லெட்டரும் எனக்குப் படிச்சிக் காட்டுவாரு. நவம்பர்ல வந்தது மூணு பக்கம் இருந்துச்சி. ரெண்டு நிமிஷத்துல படிச்சி முடிச்சிட்டு, கண்ணாடியக் கயட்டித் தொடச்சிகினே இருந்தாரு. நா கேக்கல. பாவம், மனுஷன் எனக்காகத்தான மறைக்கிறாரு.

ஆனா எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். ஒரு ஞாயித்துக்கெயம நீ பேசிகினு இருந்தப்போ உங்கூர்ல மழ வந்துச்சி. நா கல்யாணமாயி வந்தப்போ குப்பத்துல தகர ஷீட்டு வூடு. தகரத்து மேல பெய்ற மழ எனக்குத் தெரியாதா? மச்சு வூட்ல அந்தச் சத்தம் வராது. வண்டிலயா கீறேன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சி. நீயா சொல்லுவன்னு வுட்டுட்டேன். பென்னியக் கூப்டுன்னா, இப்பதான் வெளிய போனாரும்ப. வாராவாரம் ஒரு மனுஷன் இப்பதான் வெளிய போவானா?

கிறிஸ்மஸ் முடிஞ்சி ஞானம் வூட்டுக்குப் போனேன். சண்ட போடத்தான் போனேன். கதவத் தொறந்து என்னப் பாத்ததும் அப்டியே வாசப்படில உக்காந்துட்டா. "உனக்கு எப்ப தெரிஞ்சிது பூவம்மா"ன்னா. அவளுக்கும் அவன் போன் பண்றதில்லியாம். உன்னப் பத்தித்தான் கேட்டா, எங்க தங்குது, இன்னா சாப்புடுதுன்னு. எனக்குத் திட்ட வாய் வரல. அவ பக்கத்துலயே உக்காந்துட்டேன். ரெண்டு பேரும் அயுதோம்.

போன வாரம் அன்பியக் கூட்டத்துல, இங்கிலாந்துப் பொண்ணு எப்டி கீதுன்னு கேட்டாங்கோ. புருஷன் வுட்டுட்டுப் பூட்டான், தனியா சம்பாரிச்சிகினு வண்டில கீதுன்னு சொல்ட்டேன். அப்பறம் ஒரு அம்மா ஜெபமாலைய ஆரம்பிச்சாங்கோ. நா சத்தமாவே பதில் ஜெபம் சொன்னேன். அவ்ளோதான் கண்ணு. அதுக்கா நீ ஒரு வருஷம் பயந்துகினு இருந்த?

நீ மறைச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல. தனியா அயுதியே, அதான் எனக்குத் தாங்கல.

நைனா கைல நா சொல்லிக்கிறேன். இனிமே எல்லா லெட்டரும் முழுசா படிக்கச் சொல்லணும்.

முத்தங்களுடன்,
அம்மா

எழுதிய ஜன்னத்தின் சலாம். உனக்காக துவா செய்கிறேன்.


லங்காஷையர்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும்,

இருவரும் நலமா? நான் நலம். இந்த வார்த்தையை இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இடம் கிடைத்துவிட்டது என்று மட்டும் டிசம்பரில் பாய்க்குச் செய்தி அனுப்பினேன். நடந்ததை இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

நைனா, நீங்கள் போன் செய்தபோது நான் டியூட்டியில் இருந்தேன். தாழ்வாரத்தில் நின்று கேட்டேன். "சரி நைனா, சரி நைனா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களுக்குக் கேட்காது, நீங்கள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னீர்கள். அன்று மாலையே எங்கள் தலைமை அம்மா மிஸஸ் ஹார்கிரீவ்ஸின் அறைக்குப் போனேன். கேட்டுவிட்டு முதலில் கோபப்பட்டார். "ஒரு வருஷமாக என் பக்கத்திலேயே வேலை செய்துகொண்டு இதைச் சொல்லவில்லையே" என்றார். வளாகத்தில் தங்க விதி இல்லை, நிர்வாகத்தைக் கேட்க வேண்டும் என்றார். மூன்று நாலு நாளாகியும் பதில் வரவில்லை. முப்பதாம் தேதி காலையில் சாமான்களைக் கட்டிவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கூப்பிட்டார். குளிர் முடியும்வரை சலவை அறைக்குப் பின்னால் நிறுத்திக்கொள்ளலாம், ஜன்னல் வழியாக கரண்ட் ஒயர் இழுத்துக்கொள் என்றார்.

அங்கேதான் இருக்கிறேன். நம்பர் இல்லாத இடம். காலையில் சலவை மெஷின் ஓட ஆரம்பித்தால் வண்டியே லேசாக அதிர்கிறது. மாடி ஜன்னலிலிருந்து ஒரு தாத்தா கை காட்டுவார். யூனிஃபார்மில் நேராக இறங்கிப் போகிறேன், யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

மே மாதத்திலிருந்து இல்லத்து ஊழியர் குடியிருப்பில் ஓர் அறை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் எழுத்தில் வரவில்லை. வண்டியை விற்பதா வைத்துக்கொள்வதா என்று தீர்மானிக்கவில்லை. பார்த்தால் கோபம் வருகிறது, விற்கலாம் என்றால் மனசு வரவில்லை.

அம்மா, ஞானம் அத்தையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு பென்னிக்கு ஒரு வரி அனுப்பினேன். உங்கள் அம்மாவுக்குப் போன் செய்யுங்கள் என்று மட்டும். பதில் இல்லை. ஆனால் படித்துவிட்டார் என்று தெரிகிறது.

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துக்கு லீவு கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது. குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் சென்னையில் இறங்குகிறேன். நாலு வாரம் இருப்பேன். பிறகு திரும்பி வரவேண்டும், வேலை இங்கேதான்.

ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேண்டாம், நானே டாக்ஸி பிடித்து வந்துவிடுகிறேன் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். மேலே அடித்துக் கிடக்கும் வரி அதுதான். எல்லாரும் வாங்க. அத்தை வருகிறேன் என்றால் அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க.

உங்கள் மகள்,
டெபோரா